பொலெண்டா சொன்னபடி கேட்கவில்லையா? கோளாறு வாரியாகப் பார்க்கலாம்

பொலெண்டா என்பது மக்காச்சோள ரவையில் கிண்டும் களி. வட இத்தாலியில் காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். செம்புச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ரவையைத் தூவி, முக்கால் மணி நேரம் கிளற வேண்டிய வேலை அது. அந்த வேலையை ஆலையிலேயே முடித்து, உருளையாக உறையில் அடைத்து விற்பதுதான் ரெடிமேட் பொலெண்டா. திருநெல்வேலிப் பக்கம் இது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில் வந்து சேர்கிறது. ஆன்லைனில் வரவழைப்பவர்களும் உண்டு.

தானியம் நமக்குப் புதிதில்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், சங்கரன்கோவில் கரிசலில் மக்காச்சோளம் காடு காடாக நிற்கிறது. விளைவதில் பெரும்பங்கு கோழித்தீவனத்துக்குப் போய்விடுவதால் நம் அடுப்படிக்குள் அதிகம் வரவில்லை, அவ்வளவுதான். கம்பங்களியும் உளுந்தங்களியும் கிண்டிய கைக்குப் பொலெண்டா சுலபமாக வர வேண்டும். ஆனால் அந்தப் பழக்கமே சில இடங்களில் குறுக்கே நிற்கிறது. நம் களியில் மாவை வேகவைப்பதுதான் பெரிய வேலை. இதில் மாவு ஏற்கெனவே வெந்துவிட்டது. நமக்கு மிச்சம் இருப்பது ஈரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி, எங்கே கூட்ட வேண்டும், எங்கே குறைக்க வேண்டும் என்பது பிடிபட்டால் தீர்ந்துவிடும்.

முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

பொலெண்டா என்று பேர் போட்டு வருவது எல்லாம் ஒன்றல்ல. உருளையாக, அழுத்தினால் கெட்டியாக இருப்பது முழுக்க வெந்தது. வெட்டி அப்படியே சாப்பிடலாம். ரவையாக இருந்து, ‘இன்ஸ்டன்ட்’ என்று போட்டு 3 முதல் 5 நிமிடம் என்று எழுதியிருந்தால், அது ஆவியில் வேகவைத்து உலர்த்திய ரவை. 40 நிமிடம் என்று இருந்தால் அது பச்சை ரவை. உள்ளூரில் மக்காச்சோள ரவை என்று கிடைப்பதும் அந்த ரகம்தான். அதை ஐந்து நிமிடத்தில் இறக்கினால் நறநறவென்றுதான் இருக்கும். அது கோளாறே இல்லை. தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் இன்னும் அரை மணி நேரம் வையுங்கள்.

நான்காவதாக ஒன்று உண்டு: சூப்பைக் கெட்டியாக்கப் பயன்படும் வெள்ளை கார்ன் ஃப்ளோர். அது வெறும் ஸ்டார்ச். அதில் களி கிண்டினால் வழவழவென்று பசைதான் கிடைக்கும், சரிசெய்ய வழியே இல்லை. கடையில் சோளமாவு என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துத் தருவார்கள். மஞ்சள் நிறம் இருக்கிறதா, விரலில் தேய்த்தால் ரவை தட்டுப்படுகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கல்லில் ஒட்டுகிறது, திருப்பினால் பிய்ந்து போகிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். காரணம் மூன்று: துண்டின் மேல் ஈரம், காயாத கல், அவசரத் திருப்பல்.

உறையைப் பிரித்ததும் உருளையைத் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று ஓர் ஈரப்படலம் கையில் ஒட்டும். அதோடு கல்லில் வைத்தால், அந்த ஈரம் ஆவியாகித் தீரும்வரை துண்டு முறுகாது, கல்லில் பசையாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வெட்டியதும் வெள்ளைத் துணியில் பரப்பி, மேலேயும் துணியால் ஒற்றி, கால் மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே ஆறவிடுங்கள். துண்டின் கனம் அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மெல்லிசாகப் போனால் உடையும். மக்காச்சோளத்தில் கோதுமையின் இழுவை கிடையாது. கத்தியில் எண்ணெய் தடவிக்கொண்டால் வெட்டு சுத்தமாக விழும்.

ஆனி, ஆடியில் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் அடிக்கும்போது துணி கூடக் காயாது. அந்த நாளில் துண்டின் இரண்டு பக்கமும் அரிசி மாவைத் தொட்டு, அதிகமானதைத் தட்டிவிடுங்கள். ஈரத்தை மாவு வாங்கிக்கொள்ளும், முறுகலும் ஒரு படி கூடும்.

அடுத்தது கல். இரும்புத் தோசைக்கல்தான் இதற்குச் சரி. தண்ணீர் தெளித்தால் சொய்யென்று ஓடி மறையும் அளவுக்குக் காயவிட்டு, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். எண்ணெய் இளகி ஓடத் தொடங்கியதும் துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கி வைத்தால் ஒன்றின் ஆவி இன்னொன்றை நனைக்கும். தீயை நடுத்தரமாக்கிவிட்டு, ஆறேழு நிமிடம் தொடாதீர்கள்.

தோசை சுடும் கைக்கு இந்த ஆறேழு நிமிடம்தான் பெரும்பாடு. தோசை ஒரு நிமிடத்தில் ஓரம் எழும்பிவிடும். இது எழும்பாது, அசையாது, ஒன்றும் நடக்காதது போலவே கிடக்கும். அடியில் பொன்னிறப் பொருக்கு கட்டியதும் அதுவாகவே கல்லை விடும். தோசைத்திருப்பியின் நுனியை அடியில் கொடுத்துப் பாருங்கள். நகர்ந்தால் திருப்பலாம். பிடித்தால் இன்னும் இரண்டு நிமிடம்.

ஏற்கெனவே ஒட்டிவிட்டதா? சுரண்ட வேண்டாம். தீயைக் குறைத்து, ஓரத்தைச் சுற்றி ஒரு கரண்டி எண்ணெய் விட்டு விடுங்கள். அப்படியும் பிய்ந்தால் அந்தத் துண்டுகளை எடுத்து வையுங்கள், கடைசியில் அதற்கும் வழி இருக்கிறது.

என் மதினி முதலில் கேட்டது: “உள்ள வெந்துட்டான்னு எப்படிப் பாக்கது?” பார்க்கவே வேண்டாம். உள்ளே அது வெந்துதான் வந்திருக்கிறது. நடுவில் சூடு ஏறினால் போதும். இந்தப் பயத்தில்தான் பலர் மூடி போட்டு வேகவிடுகிறார்கள். மூடி போட்டால் ஆவி திரும்பத் துண்டின் மேலேயே சொட்டும், முறுகல் போச்சு.

முறுகலாக வந்த துண்டுக்குத் தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் வைக்கலாம். ஆனால் என் ஓட்டு புளிமிளகாய்க்கு. பச்சைமிளகாயைப் புளியிலும் கொஞ்சம் வெல்லத்திலும் வதக்கிச் சுண்டவைத்த அந்த உறைப்பு, மக்காச்சோளத்தின் மெல்லிய இனிப்போடு சேரும்போது வேறு எதுவும் கேட்காது. இட்லிக்கு வைத்த புளிமிளகாய் மிச்சம் இருந்தால் ராத்திரிச் சாப்பாடு இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

எண்ணெய் வெடித்துத் தெறிக்கிறது

விரல் நீளத்துக்கு வெட்டிப் பொரிக்கிறவர்களுக்கு இது நடக்கும். உருளையில் பெரும்பகுதி தண்ணீர்தான். அது சூடான எண்ணெய்க்குள் ஒரேயடியாக ஆவியானால் வெடிக்கும். மேலே சொன்னது போல உலர்த்தி, அரிசி மாவு புரட்டி, நாலைந்தாகப் போடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போடாதீர்கள். பிள்ளைகளை அடுப்புப் பக்கம் விட வேண்டாம். ஒழுங்காக முறுகியதா என்று சத்தமே சொல்லும்: சடசடப்பு அடங்கினால் மேலீரம் தீர்ந்துவிட்டது, எடுக்கலாம்.

குழைத்தால் கட்டி கட்டியாக நிற்கிறது

இது உருளைக்கு ஒரு மாதிரி, இன்ஸ்டன்டுக்கு வேறு மாதிரி.

உருளை ஆறி இறுகிய களி. ஆறும்போது ஸ்டார்ச் இழைகள் பின்னிக்கொண்டு கெட்டிப்படும், தண்ணீரை உள்ளே விடாது. பச்சைத்தண்ணீரில் போட்டுப் பிசைந்தால் மணல் மணலாக உதிருமே தவிர இளகாது. கேரட் துருவியில் துருவிக்கொள்ளுங்கள். 500 கிராம் உருளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 200 மில்லி, கொதிக்க வேண்டும். துருவியதைப் போட்டுச் சிறு தீயில் ஐந்து நிமிடம் மூடி வைத்து, பிறகு பருப்பு மத்தால் கடையுங்கள். இறுகினால் வெந்நீர் கரண்டி கரண்டியாக. தண்ணீருக்குப் பதில் பால் விட்டால் மெத்தென்று வரும். ஆனால் புதிதாகக் கிண்டியது போல முழு வழுவழுப்பு வராது. ஒருமுறை இறுகியது பழையபடி முழுக்க அவிழாது. வழுவழுப்புதான் வேண்டும் என்றால் இன்ஸ்டன்ட் வாங்குங்கள், உருளையை வெட்டிச் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டன்டில் கட்டி தட்டுவது கொதிநீரில் மொத்தமாகக் கொட்டுவதால். வெளிப்பக்கம் உடனே பிசினாகி, உள்ளே உலர்ந்த ரவை சிறைப்படுகிறது. கேப்பைக்கூழுக்குச் செய்வதையே இதற்கும் செய்யுங்கள். ரவை ஒரு டம்ளர் என்றால் தண்ணீர் நாலு. ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீரில் ரவையைக் கரைத்து, கொதிக்கும் மூன்று டம்ளரில் ஒரு கையால் ஊற்றி மறுகையால் கிளறுங்கள். கட்டி விழுந்த பிறகு என்றால், இறக்கி வைத்து, கட்டிகளைச் சட்டியின் ஓரத்தில் கரண்டியால் நசுக்கிக் கடையலாம். சட்டி அடுப்பில் இருக்கும்போது கொப்புளம் கட்டி வெடித்துப் புறங்கையில் விழும், நீளக் கரண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுப்பில் இளக்கமாக இருந்தது, தட்டில் போட்டதும் இறுகிவிட்டது

அதன் குணம் அது. இறக்கும்போது, போதும் என்று தோன்றுவதைவிட ஒரு படி இளக்கமாக இறக்குங்கள். சாப்பிட ஆள் வருவதற்குள் இறுகினால் அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கடைந்தால் திரும்பும். இளக்கமான பொலெண்டாவுக்கு நடுவில் குழி பறித்துச் சாளை மீன் குழம்பை ஊற்றிச் சாப்பிடுவது, களிக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பழகியவர்களுக்கு இயல்பாகவே பிடித்துப்போகும்.

சொதி ஊற்றினால் கூழாகிவிடுகிறது

திருநெல்வேலிச் சொதியோடு பொலெண்டா நன்றாகச் சேரும். பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால், எலுமிச்சை என்று எல்லாமே சாந்தமான சுவை; மக்காச்சோளத்தை அமுக்காது. சாம்பார் அமுக்கிவிடும், அதனால் அதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் துண்டுகளைச் சொதிச் சட்டியிலேயே போட்டுக் கொதிக்கவிட்டால் ஓரம் கரைந்து, சொதி கெட்டியாகி, கடைசியில் இரண்டும் இல்லாமல் போகும்.

துண்டுகளை முறுகச் சுட்டுத் தட்டில் வைத்து, சொதியை ஓரமாக ஊற்றுங்கள். மேற்பொருக்கு கொஞ்ச நேரம் தாங்கும். பந்திக்குப் போல முன்கூட்டி ஊற்றி வைக்க வேண்டாம். ஆள் உட்கார்ந்த பிறகு ஊற்றினால் போதும். சொதியையும் சற்றுக் கெட்டியாக வையுங்கள்: இரண்டாம் பாலில் காய் வேகும்போதே தண்ணீரைக் குறைத்து, பாசிப்பருப்பை ஒரு பிடி கூட்டிப் போட்டால் ஆச்சு. முதல் பால் விட்டபின் கொதிக்க விடக் கூடாது என்பது சொதி வைப்பவர்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்: ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிட்டு, சூடு கொஞ்சம் தணிந்தபின் எலுமிச்சை பிழியுங்கள். மறுவீட்டுப் பந்தியில் சொதிக்குப் பக்கத்தில் இஞ்சித் துவையல் வைப்பது போல இதற்கும் வையுங்கள். தேங்காய்ப்பாலும் களியும் சேர்ந்து வயிற்றில் மந்தமாக நிற்காமல் இருக்க அது உதவும்.

எண்ணெய் வேண்டாம் என்கிற பெரியவர்களுக்குத் துண்டுகளை இட்லிச்சட்டியில் துணி போட்டு ஐந்தாறு நிமிடம் ஆவி காட்டினால் மெத்தென்று ஆகும். பொருக்கு இல்லாததால் சொதியைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்து, தொட்டுச் சாப்பிடச் சொல்லுங்கள்.

சப்பென்று இருக்கிறது, இல்லையென்றால் உப்புக் கரிக்கிறது

இன்ஸ்டன்டில் பெரும்பாலும் உப்பு இருக்காது. உப்பைக் கொதிக்கும் தண்ணீரிலேயே போட வேண்டும். கிண்டி முடித்தபின் மேலே தூவினால் உள்ளே இறங்காது. உருளையில் ஏற்கெனவே உப்பு சேர்த்திருப்பார்கள், உறையில் பாருங்கள். அதற்கு ஊற்றும் குழம்பில் உப்பைக் குறையுங்கள். உப்புச் சரியாக இருந்தும் சப்பென்று இருந்தால் தாளிப்புதான் குறை: கடுகு, உளுத்தம்பருப்பு, மிளகாய்வற்றல், கறிவேப்பிலை, ஒரு கை சின்ன வெங்காயம்.

கருப்பட்டி போட்டதும் நீர்த்துப் போனது, பால் திரிந்தது

உளுந்தங்களி நினைவில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்க்கத் தோன்றும். தோன்ற வேண்டியதுதான், அருமையாக இருக்கும். கருப்பட்டியைத் தட்டி நேராகக் களியில் போட்டால் அது இளகித் தண்ணீர் விடும், அடியில் மண்ணும் தங்கும். உடன்குடிக் கருப்பட்டியோ வேறு எதுவோ, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, கையில் தொட்டால் பிசுக்கென்று ஒட்டும்வரை சுண்டவைத்து ஊற்றுங்கள். பாகு விடும் அளவுக்கு முன்னாலேயே களியில் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாலில் கிண்டியதாக இருந்தால் அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபின் பாகைச் சேருங்கள். கொதிக்கும் பாலில் சேர்த்தால் திரியும். உருளையில் உப்பு இருப்பதால் இனிப்புக்கு இன்ஸ்டன்ட்தான் ஏற்றது.

புளித்த வாடை, பிசுபிசுப்பு

யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். பிரிக்காத உறை உப்பியிருந்தாலும் அப்படியே. சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது பொதுக் கணக்கு. சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் அடுப்படி எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பிரித்த உருளையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். ஃப்ரீஸரில் வைத்தால் கெடாது, ஆனால் உருகும்போது தண்ணீர் விட்டுச் சொரசொரப்பாகும். பிறகு சுட லாயக்கில்லை, உப்புமாவுக்கு ஆகும்.

களி உருண்டையைத் தண்ணீரில் போட்டு மறுநாள் கரைத்துக் குடிப்பது நம் பக்கத்து வழக்கம். இந்த உருளையை அப்படிப் போட்டு வைக்காதீர்கள். கம்பங்கூழுக்கு மாவைக் கரைத்துப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறோம், அதன் புளிப்பு வேறு. இது வெறுமனே கெடும்.

வயிறு நிறைந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் பசிக்கிறது

தட்டில் வெறும் மாவு மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். வட இத்தாலியின் ஏழை விவசாயிகள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வேறு எதுவும் கிடைக்காமல் பொலெண்டாவையே மூன்று வேளையும் தின்று வாழ்ந்தார்கள். தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்து, செத்தும் போனார்கள். அந்த நோய்க்குப் பெல்லாக்ரா என்று 1771இல் பெயர் வைத்தவர் பிரான்செஸ்கோ ஃப்ராப்போலி என்ற இத்தாலிய மருத்துவர். காரணம் பின்னால்தான் தெரிந்தது: மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற சத்து உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மக்காச்சோளத்தின் தாய்நாடான மெக்சிகோவில் சுண்ணாம்பு நீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். அதில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். தானியத்தைக் கொண்டுபோன ஐரோப்பா அந்தப் பக்குவத்தைக் கொண்டுபோகவில்லை.

வாரம் ஒருநாள் சாப்பிடுகிற நமக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் கூடவே பருப்பு, மீன், முட்டை, கடலை என்று ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மேலே சொதிக்குப் பாசிப்பருப்பைக் கூட்டச் சொன்னதில் இந்த நினைப்பும் உண்டு. முருங்கைக்கீரையைப் பாசிப்பருப்போடு துவட்டி வைத்தால் ஒரு தட்டுக்கு அது போதும். சர்க்கரை உள்ளவர்கள் அரிசி இல்லையே என்று அளவில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டாம், இதுவும் ஸ்டார்ச்தான்.

எல்லாம் உடைந்து தூளாகிவிட்டது

கல்லில் பிய்ந்தது, வெட்டும்போது உதிர்ந்தது, ஃப்ரீஸரில் சொரசொரத்தது எல்லாவற்றையும் விரலால் உதிர்த்துக்கொள்ளுங்கள். இட்லி உப்புமாவுக்குச் செய்வது போலத்தான். வாணலியில் எண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு பொரிந்து சிவந்ததும் நறுக்கிய சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை. வெங்காயம் வதங்கியதும் உதிர்த்ததைப் போட்டுப் பரப்பி, உடனே கிளறாமல் இரண்டு நிமிடம் விடுங்கள், அடி முறுகட்டும். புரட்டி இன்னும் இரண்டு நிமிடம். தண்ணீர் தெளிக்கவே வேண்டாம், அதில் இருக்கிற ஈரமே அதிகம். வறுத்த நிலக்கடலை ஒரு கைப்பிடி போட்டு, இறக்கும்போது தேங்காய்த்துருவலும் தூவிச் சூடாகவே சாப்பிடுங்கள்.